இப்ப சரியா இருக்கா?

பதவி போன அமைச்சர்களும் ரன் எடுக்காத கிரிக்கெட் வீரர்களும் சொல்வதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: "இனி குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடப் போகிறேன்." சவுண்ட் சர்வீஸ் தொழிலை விட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். முட்டி தேய்ந்துவிட்டது என்று சொல்வதைவிட அது கௌரவமாக இருந்தது. பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்ட சப் பாக்ஸை வேனில் ஏற்ற ஒரு காலத்தில் நானும் இன்னொருவனும் போதும். கடைசிக் காலத்தில் நாலு பையன்கள் தூக்குவார்கள். நான் ஐந்தாவது ஆளாக நின்று "பார்த்து, பார்த்து" என்பேன். போதாததற்கு மிக்சரையும் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டு ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். "அண்ணே, எல்லாம் இதுலயே இருக்கு." இருந்தது. வைஃபை இருந்தவரை இருந்தது.

அறிவிப்பைக் கேட்ட எல்லோரும் நல்ல முடிவு என்றார்கள். குடும்பத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என்னோடு நேரம் செலவிட்டு அவர்களுக்குப் பழக்கமே கிடையாது. அது பஞ்சாங்கத்தின் வேலை. ஆடியும் மார்கழியும் ஊருக்கெல்லாம் கல்யாணமில்லாத மாதங்கள். பந்தல்காரரும் சமையல்காரரும் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ். மார்கழியில் சபாக் கச்சேரி, ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், விடிகாலைத் திருப்பாவை. (2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டாள் அதற்கு வெகுமுன்பே தோழிகளை எழுப்பத் தொடங்கிவிடுவார். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் திருச்சியில் தொழில் செய்தவன் நான்.) தை பிறந்தால் முகூர்த்தம். மாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். சித்திரையில் தேர். ஆவணியில் பிள்ளையார். நடுநடுவே தேர்தல், பட்டிமன்றம், மஞ்சள் நீராட்டு.

முகூர்த்த நாள் என்பது ஊருக்கே பொது. என் அக்கா மகள் கல்யாணமும் யாரோ ஒரு இரும்புக் கடைக்காரர் மகள் கல்யாணமும் ஒரே நாளில்தான் வரும். அட்வான்ஸ் கொடுத்தவர் இரும்புக் கடைக்காரர். அதனால் ஊரில் எத்தனையோ வீட்டுக் கல்யாண வீடியோக்களில் வலது மூலையில் என் முழங்கை இருக்கிறது. எங்கள் வீட்டு ஆல்பங்களில் நான் இல்லை. மருமகள் வந்த புதிதில் "மாமா எங்கே?" என்று படங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். "அவர் அந்தாண்ட மண்டபத்துல இருக்கார்" என்று என் மனைவி பதில் சொன்னாளாம்.

எங்கள் தொழிலின் விசேஷம், நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. பாட்டு நன்றாக இருந்தால் பாடகருக்குக் கைதட்டல். மைக் ஒரே ஒரு முறை கூவிவிட்டால் ஆயிரம் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பும். அந்த ஒற்றுமையை எந்தக் கட்சித் தலைவரும் கூட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்.

எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமா, உச்சஸ்தாயிக்குப் போ, அவ்வளவுதான். மைக் வந்த பிறகு வித்வான்கள் அடக்கி, குழைத்துப் பாட முடிந்தது. கூடவே, சரியாக அமையாத கச்சேரிக்குப் பழி போட ஓர் ஆளும் கிடைத்தான்.

இந்த ஆளுக்கும் தற்காப்பு வேண்டுமல்லவா? தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத ஒரு வித்தை உண்டு. இனி சொன்னால் என் பிழைப்பு கெடாது, சொல்கிறேன். கச்சேரி நடுவே மிருதங்க வித்வான் நம்மைப் பார்த்துச் சுட்டுவிரலை மேலே காட்டுவார்: என்னுடையதை ஏற்று. ஏற்றினால் வயலின் வித்வான் காட்டுவார். அவருக்கு ஏற்றினால் பாடகர் திரும்பி இருவரையும் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். இப்படி ஆளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டே போனால் ராகம் தானம் பல்லவிக்குள் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். ஆகவே விரல் உயர்ந்ததும் மிக்சரின் மேல் நன்றாகக் குனிய வேண்டும். எந்த வயரும் சொருகாத ஒரு சேனலின் திருகைப் பிடித்து, பால் பொங்குவதைப் பார்ப்பவர் மாதிரி கவனமாகத் திருப்ப வேண்டும். பிறகு நிமிர்ந்து புருவத்தால் கேட்க வேண்டும்: இப்ப சரியா இருக்கா? வித்வான் ஒரு ஆவர்த்தனம் வாசித்துப் பார்த்து, கண்ணை மூடி, "ஆஹா" என்று தலையாட்டுவார். உண்மையிலேயே அவருக்கு நன்றாகக் கேட்கும். தன்னை ஒருவன் கவனித்தான் என்ற திருப்திக்கு எத்தனை டெசிபல் என்று இதுவரை யாரும் அளக்கவில்லை.

இனி வீட்டு நிலவரம்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஹால் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். புது மண்டபத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் செய்வோம். தரையில் டைல்ஸ், எதிரெதிரே வெற்றுச் சுவர். தட்டிய ஒலி இரண்டுக்கும் நடுவில் பந்தாடிவிட்டு வந்தது. இத்தனை வருஷமாக இந்த எதிரொலியிலா என் குடும்பம் பேசிக்கொண்டிருந்தது என்று மனம் பதைத்து, பரணில் கிடந்த பவானி ஜமுக்காளத்தை எடுத்துச் சுவரில் மாட்டினேன். அடுத்து ஃபிரிட்ஜ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபிரிட்ஜ் அதன் இரட்டிப்பில், 100இல் முனகும். மேடையில் இந்த "ம்ம்ம்" வந்தால் எர்த்தைத் தேடி ஓடுவோம். வீட்டில் எங்கே ஓடுவது? ஃபிரிட்ஜையே நகர்த்தினேன். மதியம் வந்த என் மகன், பூஜை அறை வாசலில் ஃபிரிட்ஜையும் சுவரில் ஜமுக்காளத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, வீடு மாத்துறோமா?" என்றான்.

என் மனைவி கிட்டப்பா காலத்துக் குரல்வளம் உடையவள். சமையலறையிலிருந்தே தெருமுனைக் கீரைக்காரரை நிறுத்திவிடுவாள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும், ஆகவே கத்துவதைவிடக் கிட்டே வந்து பேசுவதுதான் சிக்கனம் என்று விளக்கினேன். "நீங்க கிட்ட வந்தாலும் அதே 6தானே?" என்றாள். அறிவியல்படி சரி. எழுந்துதான் போனேன்.

பேரன் என் காதுக்கே பரீட்சை வைத்தான். மனிதக் காது 20இலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று அவனுக்குப் பாடமாம். போனை என் காதருகே பிடித்தான்.

"கேக்குதா தாத்தா?"

"நீ எப்ப ஆரம்பிக்கப் போற?"

"அது அப்பவே ஓடிக்கிட்டிருக்கு தாத்தா."

வயதானால் மேல் அதிர்வெண்தான் முதலில் போகும். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு இன்னும் சீக்கிரம். சகரமும் ஸகரமும் அந்த உயரத்தில் குடியிருப்பவை. குரல் கேட்கும், சொல் மட்டும் நழுவும். "சோம்பு எங்கே வச்சீங்க?" என்று மனைவி கேட்டபோது, "கூம்பை எல்லாம் போன வருஷமே வித்தாச்சே" என்று நான் சொன்னது இப்படித்தான். "நான் பேசுறது மட்டும் எந்த ஹெர்ட்ஸ்ல இருக்கு?" என்று அவள் பிறகு கேட்டதை மட்டும் துல்லியமாகக் கேட்டேன்.

ஆவணியில் என் தம்பி மகனுக்கு வரவேற்பு. குடும்பத்தோடு, குடும்பம் உட்கார்ந்த வரிசையிலேயே, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "யாரு, மாப்பிள்ளை வீடா?" என்றார்.

மேடையில் லைட் மியூசிக். பாடிய தம்பி மைக்கின் வலைத்தலையை முழுசாகக் கையால் பொத்திப் பிடித்துப் பாடினான். 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58 வகை மைக்குகள் முன்னால் வரும் சத்தத்தை வாங்கி, பின்னால் வருவதை ஒதுக்கும். அப்படி ஒதுக்குவதற்கான வழியே அந்தத் தலைக்குப் பின்பக்கம்தான் இருக்கிறது. அதைக் கையால் அடைத்தால் மைக் நாலா பக்கமும் கேட்கும். மானிட்டர் சத்தமும் உள்ளே புகும். சுற்றிச் சுற்றி ஊளையிடும். லேசாக இழுக்க ஆரம்பித்தது. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குப் பல் கூசியது. நாற்காலியில் நெளிந்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு முறை இழுத்தது. மணிக்கட்டை விட்டுவிட்டாள். "போய்ச் சொல்லிட்டே வந்துடுங்க. இல்லேன்னா என்னையும் நிம்மதியா சாப்பிட விடமாட்டீங்க."

சவுண்ட் மேஜையில் சின்னப் பையன். "தம்பி, பாடுறவர் மைக்ல கொஞ்சம் ஹை குறைச்சுக்கோ. மானிட்டரையும் ஒரு பொட்டு இறக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பட்டு வேட்டி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். "கண்டிப்பா சார்" என்று மிக்சரின் மேல் நன்றாகக் குனிந்தான். ஒரு திருகைப் பிடித்து, மிகுந்த பக்தியோடு, மயிரிழை அளவு திருப்பினான். அந்தச் சேனலுக்கு வயரே இல்லை.

நிமிர்ந்து, "இப்ப சரியா இருக்கா சார்?" என்றான்.

"பிரமாதம் தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மனைவி பந்திக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு."

ஒரு நிமிஷம் மேடைப் பக்கம் காது கொடுத்தாள். "ஆமாங்க, இப்பத்தான் கேக்கவே நல்லா இருக்கு" என்றாள்.