உறுதி ஆருடைய பேரில்?

தர்மபுரத்தில் திறந்த மூல மென்பொருளின் பதிப்புரிமைச் சண்டையை விளங்கப்படுத்தக் கணினி தேவையில்லை. பெமிற் காணிக்கும் உறுதிக் காணிக்கும் உள்ள வித்தியாசம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடைக்கும் தெரியும். பெமிற் என்றால் இரு, விதை, வெட்டு; விற்கிறதென்றால் மட்டும் பிரதேச செயலகத்து வாசலில் போய் நில். உறுதி என்றால் காணியே உன் பேரில். அமெரிக்காவின் பெரிய மூளைகளுக்கு இது விளங்க நாலு வருசமும் ஒரு கொழுவலும் தேவைப்பட்டன.

1981-இல் ஜேம்ஸ் கோஸ்லிங் (பிறகு ஜாவா மொழியைப் பெற்றவரும் இவர்தான்) யுனிக்ஸ் இயங்குதளத்துக்கு ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியின் ஒரு பதிப்பை எழுதினார். சனம் எடுத்துப் பாவித்தது. பிறகு மனுசன் அதை யுனிபிரஸ் என்ற கம்பனிக்கு விற்றுப்போட்டார். அதில் சில துண்டுகளைக் கட்டற்ற மென்பொருள் புரட்சிக்காரர் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தன்னுடைய குனு ஈமாக்ஸுக்குள் நட்டிருந்தார். கோஸ்லிங் முன்பே ஓமென்று சொன்னவர் என்பது ஸ்டோல்மன் பக்கத்து வாதம். வாய்ச்சொல்லை எந்த நொத்தாரிசு ஏற்பார்? யுனிபிரஸ் "நிப்பாட்டு" என்றது. 1985-இல் ஸ்டோல்மன் அந்தத் துண்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாய் எழுதினார்.

அதே வருசம் அவருடைய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது. காயிதமே வேண்டாம் என்று திரிந்த புரட்சிக்காரர் தானே நொத்தாரிசாகிவிட்டார். ஈமாக்ஸுக்கோ ஜிசிசி கம்பைலருக்கோ நிரல் தருகிறவர், பதிப்புரிமையை அறக்கட்டளையின் பேரில் எழுதி, மையால் கையெழுத்து வைத்துத் தபாலில் போட வேண்டியிருந்தது. 15 வரி அளவுக்குள் என்றால் மன்னிப்பு உண்டு. நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர் என்றால் முதலாளியும் "இதில் எனக்குப் பங்கில்லை" என்று ஒரு துண்டு தர வேண்டும். நிரல் எழுத ஒரு இரவு, முதலாளியைப் பிடிக்க ஒரு மாதம்.

சனம் புறுபுறுத்தாலும் உறுதிக்குள் நேர்மை இருந்தது. எப்போதும் கட்டற்றதாகவே வைத்திருப்போம் என்று அறக்கட்டளை எழுத்தில் வாக்குத் தந்தது. எழுதியவர் தன் நிரலைத் தான் விரும்பியபடி பாவிக்கவும் உரிமை திரும்பி வந்தது. ஆராவது உரிமத்தை மீறினால் வழக்குக்குப் போக ஒரே பேர் போதும். நூறு பங்காளிகள் உள்ள காணிக்கு வழக்குப் பேசியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கம்பனிக்காரரும் இதே உறுதியைப் பார்த்து எழுதினார்கள். வாக்கு மட்டும் பிரதியெடுக்கும்போது விழுந்துபோனது. இதில் எனக்குப் பிடித்த ஆள் மொன்டி வீடேனியஸ். மகள் மையின் பேரை வைத்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைச் செய்தார். பதிப்புரிமை முழுக்கக் கம்பனி பேரில். 2008-இல் சன் நிறுவனம் 100 கோடி டொலருக்கு அந்தக் கம்பனியை வாங்கியது. பிறகு சன்னையே ஒரக்கிள் விழுங்கப் புறப்பட்டபோது மொன்டி "காப்பாத்துங்கோ" என்று உலகமெல்லாம் கையெழுத்துச் சேர்த்தார். மூத்தவளின் சீதனக் காணியைத் தானே விற்றுப்போட்டு, வாங்கினவனிடம் வாங்கப்போகிறவன் பொல்லாதவன் என்று வேலியில் நின்று குழறின தகப்பன்! 2010 சனவரியில் ஒரக்கிள் விழுங்கியே விட்டது. அதற்கு முதலே நிரலின் பிரதி ஒன்றோடு மொன்டி புது வளவுக்குக் குடிபோயிருந்தார். அதன் பேர் மரியாடிபி. மரியா இளைய மகள்.

லினக்ஸைத் தொடக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் உறுதியே கேட்கவில்லை. லினக்ஸில் அவரவர் துண்டு அவரவருக்கு. 2003-இல் எஸ்சிஓ என்ற கம்பனி லினக்ஸில் தன் நிரல் கிடக்கிறது என்று ஐபிஎம்மின் மேல் வழக்குப் போட்டபோதுதான் அவருக்கும் கொஞ்சம் வியர்த்தது. 2004-இல் ஒரு ஏற்பாடு: "இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்ற பொருளில் நிரலோடு வரும் குறிப்பின் கீழே ஒரு வரி, அதில் உன் பேர். முத்திரைச் செலவு மிச்சம்.

2021 யூனில் ஜிசிசியும் உறுதி கட்டாயமில்லை, அந்த ஒரு வரி போதும் என்று சொல்லிவிட்டது. விலகியிருந்த ஸ்டோல்மன் அறக்கட்டளைச் சபைக்குத் திரும்பி, அதனால் பெரிய அமளி நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஈமாக்ஸ்காரர் மட்டும் இன்னும் காயிதம் கேட்கிறார்கள். சூடு விழுந்தது அந்த வீட்டில்தானே.