நோயாளிக்குப் புரியாமல் பார்த்துக்கொண்டமைக்கு நன்றி

பெறுநர்: சுகாதார அமைச்சு, கொழும்பு
விடயம்: நோய், பரிசோதனை, சத்திரசிகிச்சை ஆகியவற்றை விளங்கிக்கொள்ளும் சிரமத்திலிருந்து சப்ரகமுவத் தோட்ட மக்களை விடுவித்தமைக்கு நன்றி தெரிவித்தல்

மாண்புமிகு அமைச்சின் சமூகத்துக்கு,

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் கொழுந்து பறித்தும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியும் வாழும் மக்கள், தம் உடம்புக்குள் நடப்பது இன்னதென்று அறிய வேண்டிய தொல்லை ஏதுமின்றி, நம்பர் துண்டை நீட்டி, மாத்திரை உறையை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் திரும்பும் பெரும்பேற்றை அடைந்திருப்பதால், அதற்குரிய நன்றியை முறைப்படி தெரிவிக்கும் கடமை நெடுநாளாக நிலுவையில் கிடக்கிறது. அக்கடமையை இக்கடிதம் தீர்க்க முயல்கிறது.

இச்சாதனை ஒரே நாளில் எட்டப்பட்டதன்று. தோட்டத் தொழிலாளியின் மருத்துவத்துக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கிய 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலம்முதல், நோயாளி பிழைக்க வேண்டும், பிழைத்தவர் மறுநாள் பிரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, வர வேண்டும் என்ற இரண்டிலும் துரைமார் கண்ணும் கருத்துமாக இருந்தனர். வந்த நோய் என்னவென்று நோயாளியிடமே சொல்வது அந்தக் கணக்கில் சேரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்க, மற்றவை டிஸ்பென்சரிகளாக நின்றன. இத்தனை கைமாற்றத்திலும் கைமாறாமல் பேணப்பட்ட சொத்து இந்த ஒரு வழக்கமே.

சட்டம் வேறுவிதமாகச் சொல்கிறதே என்று சிலர் வாதிடக்கூடும். 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று; 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பின், சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் மாகாணத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. இவ்வளவு உயர்ந்த உரிமையைக் கிளினிக் வரிசையின் நெரிசலுக்குள் இழுத்துவந்து கசக்கிவிடாமல், சட்டப் புத்தகத்திலேயே மடிப்புக் கலையாமல் வைத்திருப்பதில் அமைச்சு காட்டும் பக்குவம் மெச்சத்தக்கது. சப்ரகமுவத் தோட்டத்தாருக்குத்தான் சிங்களம் தெரியுமே என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை உண்டு. கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் கடையில் கடன் சொல்லவும், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும், ஏன், சண்டை பிடிக்கவும் போதுமான சிங்களத்தைச் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் பேசுவது வேறு, மாத்திரை உறையில் அவசரக் கையெழுத்தில் கிறுக்கியதை வாசிப்பது வேறு. கருப்பை வாயிலிருந்து ஏன் உயிரணு எடுக்கிறார்கள் என்பதைச் சந்தைச் சிங்களத்தில் புரிந்துகொள்வது முற்றிலும் வேறு.

இந்த ஏற்பாட்டின் அருமை நீரிழிவுப் பரிசோதனையில் நன்கு துலங்கும். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனிப் பரிசோதனை என்பது, எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாதிருந்து, உடம்பு தானாக வைத்திருக்கும் சீனியின் அளவைக் காண்பது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்வர். சாப்பிட வேண்டாம் என்பது மட்டும் காதில் விழுந்த தோட்டத்துப் பெண், விடியுமுன் எழுந்து, சோற்றைத் தொடாமல், சீனி போட்ட பிளேன்டீ ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறாள். பிளேன்டீயைச் சாப்பாட்டில் சேர்க்கும் வழக்கம் எந்த லயத்திலும் இல்லை. இரத்தத்தில் சீனி ஏறி நிற்கிறது. கிளினிக் கொப்பியில் எண் பதிவாகிறது. மாத்திரையின் அளவு கூடுகிறது. கிளிக்லசைட் போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதால், தேவைக்கு மேல் விழுங்கியவருக்குச் சீனி அளவுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டும். அப்போது உடனே வேண்டியது ஒரு வாய்ச் சீனி. கொழுந்து மலையில் அப்படித் தள்ளாடியவளை வெயில் தாக்கிவிட்டது என்று நிழலில் கிடத்துவார்கள், அல்லது கண்ணூறு என்று மாலையில் மிளகாய் சுற்றிப் போடுவார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பீஏவன்சீ பரிசோதனையை ஒரு காலைப் பிளேன்டீயால் ஏமாற்ற முடியாது என்பது உண்மைதான்; ஆனால் வெறும் வயிறு என்றால் தேத்தண்ணீரும் கூடாது என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட்டு ஒட்டுவது அதைவிடச் செலவு குறைந்தது என்பதை அமைச்சின் கணக்காளர்கள் கவனித்துவிடாதிருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரைக் கதையும் இதற்குக் குறைந்ததன்று. இரத்தச்சோகை என்பது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்து போவது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்பு, ஃபோலிக் அமிலம், விற்றமின் சீ, கல்சியம் ஆகிய மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, இதில் அமைச்சைப் பகடியின்றியே பாராட்ட வேண்டும். விற்றமின் சீ இரும்பை உடம்பில் சேர உதவும். கல்சியமோ அதைத் தடுக்கும், ஆகவே இரும்பையும் கல்சியத்தையும் வெவ்வேறு வேளைகளில் விழுங்க வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்வதால், தேத்தண்ணீருக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் கை, அதே தேயிலைச் சாயத்தோடு நான்கு மாத்திரைகளையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு மலைக்கு ஏறுகிறது. சில நாளில் மலம் கறுத்துப் போகிறது. இரும்பு மாத்திரைக்கு அது இயல்பு என்று சொல்ல ஆளில்லாததால், வயிற்றுக்குள் ஏதோ அழுகுகிறது என்று அஞ்சி, மிச்ச மாத்திரைகள் லயத்துக்குப் பின்னாலுள்ள கானில் போய்ச் சேர்கின்றன. அடுத்த மாதம் ஹீமோகுளோபின் ஏறாததற்குக் காரணம் கேட்கப்படுகிறது. கேள்வியும் வேறு மொழியில் வருவதால் பதில் சொல்லும் சங்கடம் எழுவதில்லை.

நியாயமாகப் பேசினால், இனப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டிலிருந்து அமைச்சை முற்றாக விடுவிக்கும் ஓர் ஆவணமும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்ட், அதாவது என்ன நோய், என்ன செய்தார்கள், இனி என்ன செய்ய வேண்டும் என்பவற்றின் சுருக்கம், ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், அது பலாங்கொடைத் தோட்டத் தமிழருக்கு எவ்வளவு விளங்காதோ, பக்கத்துக் கிராமத்துச் சிங்களவருக்கும் அவ்வளவே விளங்காது. இந்நாட்டில் இவ்வளவு பூரணமான சமத்துவம் வேறெங்கும் கிட்டுவது அரிது. இதற்கிடையே குழந்தையின் வளர்ச்சிப் பதிவேடு மட்டும் தமிழிலும் அச்சாகிக் கிடைப்பது ஒழுங்கைக் குலைக்கும் செயல். தாய்மார் அதை வாசித்து, தடுப்பூசித் திகதியை நினைவில் வைத்து வந்து நிற்கும் ஆபத்து இருக்கிறது.

சத்திரசிகிச்சைக்கு முன் வாங்கும் சம்மதம் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மருத்துவ ஒழுக்கத்தில் சம்மதம் என்பது கையெழுத்தன்று. செய்யப்போவது என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா, வரக்கூடிய தீங்கு என்ன என்பவற்றை விளங்கியபின் தெரிவிக்கும் உடன்பாடு. எல்ஆர்டீ எனப்படும் கருத்தடைச் சத்திரசிகிச்சையில் கருக்குழாய்கள் வெட்டிக் கட்டப்படுகின்றன. கருப்பை அகற்றப்படுவதில்லை, மாதவிடாய் நிற்பதில்லை, ஆயினும் மீண்டும் பிள்ளை வேண்டுமென்றால் திறந்துவிடலாம் என்று நம்பிச் செய்துகொள்ளத் தக்கதன்று. 1980களின் தொடக்கத்தில் இதைச் செய்துகொண்டோருக்கு அரசு 500 ரூபா கொடுத்தது. அன்றைய தோட்ட நாட்சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால், எந்த விளக்கவுரையைவிடவும் தெளிவாகப் பேசிய தொகை அது. கருப்பையையே அகற்றும் சத்திரசிகிச்சை இதிலிருந்து முற்றிலும் வேறானது. ஆனால் இரண்டுக்கும் லயத்தில் ஒரே பெயர், ஆபரேஷன். எது நடந்தது என்று தெரியாமலே வயிற்றுத் தழும்பைக் காட்டும் பெண்களுக்கு, அடுத்த முறை வயிற்று வலியோடு போகும்போது மொழிபெயர்ப்பாளராகக் கிடைப்பது பெரும்பாலும் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகளே. வெள்ளைப்படுதலையும் தாம்பத்திய வலியையும் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லி, அது தலையைக் குனிந்தபடி, ‘மிஸ், அம்மாவுக்கு வயிறு வலியாம்’ என்று சிங்களத்தில் மூன்றே சொல்லாகச் சுருக்குவதைக் கேட்டு மருந்தெழுதும் மருத்துவருடைய திறமைக்கும் தனியாக ஒரு நன்றி உரித்தாகுக.

1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளில் முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்குச் செய்யும் பாப் பரிசோதனையும் ஆபரேஷன் என்றே பெயர் பெற்று, நாடிப் போக வேண்டியவர்களைத் தூர நிறுத்துகிறது. கருப்பை வாயைத் தடவி எடுக்கும் உயிரணுக்களில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம் உண்டா என்று பார்ப்பதற்கு மேல் அதில் வெட்டுமில்லை, தையலுமில்லை. அதற்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்பது வேறு கதை. அது அமைச்சின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

இதே கேகாலையில் 1934–35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் நிவாரணப் பணியாற்றிய இடதுசாரி இளைஞர்களும், காய்ச்சல் விட்டபின் உடம்பு தேறுவதற்கான மார்மைட்டை, வெதறாளை எனும் நாட்டு வைத்தியர் கொடுக்கும் குளிகையைப் போல உருட்டிக் கொடுத்தார்கள். மக்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். விளங்கும் வடிவில் கொடுத்தால் வேலை செய்கிறது என்ற இந்தப் பழைய செய்தி இன்று எலிக்காய்ச்சலுக்குப் பொருந்திவிடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிலும் மாணிக்கக் குழியின் சேற்றிலும் இருந்து தோல் வெடிப்பு வழியாக ஏறும் அந்நோயில், கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்து சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பழுதாகிறது என்று பொருள். அதை லயத்தில் எல்லாரும் தமிழில் அறிந்துகொண்டால் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில்களை நிரப்பிவிடுவார்கள்.

எனவே மாத்திரை உறையில் சூரியனும் நிலாவும் வரைவது, சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது, வார்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமிப்பது முதலான விபரீத யோசனைகளை யாரேனும் முன்வைத்தால், அமைச்சு வழக்கம்போல் குழு அமைத்து ஆராயுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. இக்கடிதத்துக்குப் பதில் அனுப்ப அமைச்சு மனங்கொண்டால், லயன் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத காரணத்தால், தோட்டக் காரியாலயத்தின் மேற்பார்வைக்கே அனுப்பலாம். சென்ற மாதக் கிளினிக் திகதிக்கான கடிதங்களோடு சேர்த்து அதுவும் வந்து சேரும்.

இவ்வண்ணம்,
இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் கிளினிக் கொப்பிக்காரர்கள்