பாத்திரம் அல்லாதவற்றை டிஷ்வாஷரில் இடுவது பற்றி

சேலத்திலும் நாமக்கல்லிலும் டிஷ்வாஷர் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது அண்டாவும் வடச்சட்டியும்தான். "நம்ம வடச்சட்டி அதுல நுழையுமா?" என்று கேட்பார்கள். நுழையாது என்றதும் பேச்சு முடிந்துவிடும். இது அவசரத் தீர்ப்பு. தட்டையும் தம்ளரையும் எப்படியும் தினமும் யாராவது கழுவிவிடுகிறார்கள். சிம்னியின் வடிகட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் முட்டைத் தட்டு, சோப்பு டப்பா, பிளாஸ்டிக் சீப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் இவற்றைத்தான் யாரும் கழுவுவதில்லை. இயந்திரத்துக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

வணிகத்தில் வெற்றி பெற்ற முதல் டிஷ்வாஷரை உருவாக்கிய ஜோசஃபின் காக்ரன் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊர்க்காரர். வேலையாட்கள் கழுவும்போது பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைவது பொறுக்காமல் இந்த வேலையில் இறங்கினார். 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்று, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இயந்திரத்தை வைத்தார். அவர் மனதில் இருந்தது பீங்கான். ஆனால் இயந்திரம் செய்வதெல்லாம் ஒன்றுதான்: சூடான காரநீரை வேகமாகப் பீய்ச்சுகிறது, அதை நெடுநேரம் செய்கிறது. அந்தச் சூட்டையும் காரத்தையும் தாங்கும் எதுவும் உள்ளே போகலாம். தாங்காதது, பாத்திரமே ஆனாலும் போகக்கூடாது.

சிம்னியிலிருந்து தொடங்குவோம். வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாளிப்பில் எழுந்த எண்ணெய் ஆவி படிந்து, தூசியைப் பிடித்து, பழுப்பாகப் பிசின் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும். சமையல் எண்ணெய் கொழுப்பு. சூட்டில் காரத்தோடு சேர்ந்தால் கொழுப்பில் ஒரு பகுதி சோப்பாக மாறும், மீதியை அந்தச் சோப்பே கரைத்து இழுத்துவிடும். விறகடுப்புக் காலத்தில் சாம்பலால் தேய்த்தபோது நடந்ததும் இதுவே. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட், டிஷ்வாஷர் தூளில் சோடியம் கார்பனேட். கையால் தேய்த்தால் வலைக்கண்ணுக்குள் விரல் போகாது. இயந்திரத்தின் நீர் போகும். வடிகட்டியைக் கீழ்த்தட்டில் நிற்கவைத்து, இருப்பதிலேயே அதிகச் சூடான ஓட்டத்தில் விட வேண்டும். அதோடு வேறு எதையும் வைக்கக்கூடாது.

வடிகட்டி எந்த உலோகம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் மேல் இயல்பாக ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். காரம் அதை அரித்துவிடுவதால் உலோகம் கறுத்துப்போகும். அலுமினிய இட்லித் தட்டு, பழைய பிரஷர் குக்கர், இண்டாலியம் சட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எவர்சில்வருக்கு இந்தக் கவலை இல்லை. 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குரோமியம் உண்டாக்கும் படலம் காரத்துக்கு அசையாது. சேலம் உருக்காலை 1981இல் உற்பத்தியைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்று பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு இந்த இயந்திரம் நமக்கு ஒத்துவராது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முறுக்கு அச்சு, சல்லடை, டீ வடிகட்டி, இடியாப்ப உழக்கு ஆகியவை எவர்சில்வராக இருந்தால் தயங்காமல் போடலாம். ஓட்டைகளில் காய்ந்துபோன மாவை ஈர்க்குச்சியால் குத்தும் வேலை பெருமளவு குறையும்.

முட்டைத் தட்டுக்கு வருகிறேன். நாமக்கல் கோழிப்பண்ணை முட்டை நாடெங்கும் போகிறது. இந்த வட்டாரத்தில் அது இல்லாத ஃப்ரிட்ஜ் அரிது. ஓட்டின் மேல் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. ஓடு தொட்ட குழியில் மறுநாள் புதிய முட்டை, அடுத்த வாரம் அதே குழியில் இன்னொன்று. தட்டைக் கழற்றி, அறைச் சூட்டுக்கு வரவிட்டு, மேல்தட்டில் வைத்தால் போதும். முட்டை உடைந்து ஒழுகியிருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் வெள்ளைக்கரு 60 பாகைக்குச் சற்று மேலேயே இறுகி ஒட்டிக்கொள்ளும். ஆம்லெட் கலக்கிய கிண்ணத்துக்கும் இதே விதி.

மஞ்சள் வேறு வகை. நாமகிரிப்பேட்டை மஞ்சள் கலந்த குழம்பை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் மஞ்சளின் நிறமியான குர்குமின் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். இயந்திரம் அதை முழுதாக எடுக்காது. கழுவிய டப்பாவை வெயிலில் காயவையுங்கள். குர்குமின் வெளிச்சம் தாங்காது, கறை மெல்ல வெளுக்கும். வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை.

இனி செருப்பு. ரப்பர் செருப்பை இதில் கழுவலாம் என்றால் வீட்டில் அப்பத்தா கேட்பார்: "சோறு திங்கற தட்டு வெக்கற எடத்துல செருப்பா?" அவர் கேட்பது முற்றிலும் நியாயம். ஆகவே செருப்புக்குத் தனி ஓட்டம், அது முடிந்ததும் எதுவும் வைக்காத வெந்நீர் ஓட்டம் ஒன்று, பிறகுதான் தட்டு. செம்மண்ணை முன்பே தட்டி உதிர்க்காவிட்டால் இயந்திரத்தின் வடிகட்டியில் போய் அடைக்கும். 40, 45 பாகை ஓட்டமே போதும். சூடு மிகுந்தால் அடிப்பகுதி சுருங்கும். பசை வைத்து ஒட்டியதும் தோலும் கூடாது.

லாரிக்காரர் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஸ்பானரையும் நட்டு போல்ட்டையும் இதில் போட்டுப் பார்க்கத் தோன்றும். போடாதீர்கள். கிரீஸிலும் என்ஜின் ஆயிலிலும் இருப்பது பெட்ரோலிய எண்ணெய். அது கொழுப்பு அல்ல, காரத்தில் சோப்பாகாது. இயந்திரத்தின் சுவரில் படிந்து மறுநாள் சாப்பாட்டுத் தட்டில் ஏறும்.

இத்தனை சொல்லியும் தண்ணீரைச் சொல்லாவிட்டால் பயனில்லை. இந்தியாவுக்கே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நம் திருச்செங்கோட்டிலிருந்து போகின்றன. ஆனால் நம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. சேலத்தை ஒட்டிய சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் வெள்ளைக்கல் மேக்னசைட், அதில் இருப்பது மெக்னீசியம். நீரைக் கடினமாக்கும் இரண்டு தாதுக்களில் மெக்னீசியம் ஒன்று, கால்சியம் மற்றொன்று. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாதபோது 600 வரை அனுமதி. கடின நீரில் கண்ணாடி தம்ளர் வெளுத்துப் பூத்துவிடும், வடிகட்டியின் கண் அடையும். இதற்காகவே இயந்திரத்தின் அடியில் உப்பு அறை இருக்கிறது. உள்ளேயுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கின்றன. உப்பு அவற்றை மறுபடி வேலைக்குத் தயாராக்குகிறது. சமையல் உப்பை அங்கே கொட்டக்கூடாது, அதில் கலந்த வேறு பொருட்கள் மணிகளைக் கெடுக்கும். டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லும் வீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த அறையைத்தான்.

உள்ளே வைக்கவே கூடாதவை சில. குத்துவிளக்கு மங்கிவிடும், அதற்குப் புளிதான். வெள்ளிக் கொலுசை எவர்சில்வரோடு சேர்த்துப் போட்டால் கறை ஏறும், அறுந்து விழுந்த சலங்கை குழாயில் சிக்கும். தோசைக்கல் எண்ணெய்ப் படலம் இழந்து துருப்பிடிக்கும். மர மத்தும் ஆப்பையும் விரிசல் விடும். மாக்கல் சட்டி பழகப் பழக எண்ணெய் குடித்து உறுதியாகும் பொருள். காரநீர் அதைத் திரும்ப வெறுங்கல்லாக்கும்.

வாங்க எண்ணியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும்முன் வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்து, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்த வருபவரிடம் அதைச் சொல்லி, உப்பின் அளவை அதற்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் சிம்னி வடிகட்டியைப் போடுங்கள்.