மழைக்கு உத்தரவு

லயத்துக்குக் கரண்ட் வராத அந்தக் காலத்தில், டவுனிலிருந்து வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வர, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, கோயில் முற்றத்தில் படங்கை விரித்து, கம்பளிக்குள் சுருண்டபடி விடிய விடியப் படம் பார்த்தோமே, உங்கள் தோட்டத்திலும் அப்படித்தானே? ஊட்டிப் பக்கம் எடுத்து 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யில், கேத்தி ஸ்டேசனில் கொட்டும் மழையில் கமல் ரயிலோடு ஓடியபோது, “நம்ம பட்டிப்பொலைக்கு வந்திருந்தா மழை இன்னும் மலிவாக் கெடைச்சிருக்குமே” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் நம்முடையது, 1891 மீற்றர்; அங்கே மழைக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.

அந்தப் படத்தை இயக்கி, மலையையும் பனியையும் அப்படிப் படம்பிடித்துத் தேசிய விருது வாங்கிய பாலு மகேந்திராவோ கடலோரத்துப் பிள்ளை, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். பள்ளிக்கூடப் பையனாகக் கித்துல்கலைக்குப் போனபோது, குவாய் நதிப் பாலப் படத்துக்காக டேவிட் லீன் “மழை!” என்று குரல்கொடுக்க, மழை பெய்ததாம், அதைப் பார்த்த கணத்தில் பிடித்த கிறுக்குத்தான் அவரைப் புனே திரைப்படக் கல்லூரிக்கும், 1977இல் கன்னட ‘கோகிலா’வை இயக்குவதற்கும், பிறகு ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ என்று 2013இன் ‘தலைமுறைகள்’ வரைக்கும் நடத்திப்போனது. இதைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து நானும் இரண்டு கையாலும் சட்டம் கட்டி, தேயிலை மலையை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தேன். “என்ன தம்பி, நிரையை அளக்கிறியா?” என்றார் கங்காணி. கொழுந்து எடுத்த அக்காமார் சிரித்த சிரிப்பில் என் முதல் படம் அன்றே நூறு நாள் ஓடிவிட்டது.

இப்போது கித்துல்கலையில் தலைக்கவசம் போட்டு ரப்பர் படகில் ஆற்றுக்குள் பாய்கிறார்கள். பட்டிப்பொலையில் ரயில் நின்றால் பெட்டிக்குப் பத்து இயக்குநர்கள் இறங்குகிறார்கள், வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும் பொறுமை மட்டும் எந்தப் பையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. பார்க்கிற படமோ போனுக்குள் சட்டைப்பையிலேயே கிடக்கிறது, பக்கத்தில் சேர்ந்து அழ ஆள்தான் இல்லை. போன மாதம் மருமகன் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு மேடைக் கூரைக்குக் கீழே நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தான். “பெய்யிறப்பவே எடேன்டா” என்றேன். “விடட்டும் மாமா, வெயில்ல எடுத்துட்டு மழையைப் பெறகு ஆப்ல போட்டுக்கலாம்” என்றான்.