பொட்டி அண்ணன்

எங்கள் பேட்டையிலேயே அதிகமான பிளேஸ்டேஷன்களைத் தூக்கிச் சுமந்தவர் அவர்தான். ஒன்றில்கூட ஒரு பொத்தானை அமுக்கியதில்லை. அவருக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல, பொட்டி. ‘கன்சோல்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. “ரெண்டு பொட்டி இறங்குது சார்.” “பொட்டி போயிடுச்சு சார்.” “பொட்டி இப்ப கொஞ்சம் டைட்டு.” தள்ளி நின்று கேட்கிறவர்கள், ஆள் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார் என்றோ, போலீஸ் தேடுகிறது என்றோ நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் திருவல்லிக்கேணியில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேட்டையின் ஆதார் அட்டைகள் எல்லாமே ஒரு தடவையாவது அவர் கடைக் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்தவைதான்.

தொழில் ரத்தத்தில் இருந்தது. அவருடைய அப்பா அண்ணா சாலைத் தியேட்டர் ஒன்றின் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றவர். “பத்து முப்பது, பத்து முப்பது” என்று உதடு அசையாமல், வானத்தைப் பார்த்தபடி சொல்வாராம். பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாய் என்று அர்த்தம். படம் ஊற்றிக்கொண்டால் மூன்றாம் நாளே அது “பத்து எட்டு” ஆகிவிடும். ஆயிரக்கணக்கான பேரை உள்ளே அனுப்பிவைத்த அந்த மனிதர் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லையாம். “கையில டிக்கெட்டு இருக்கறப்ப படம் பாக்க மனசு வருமா சார்?” என்பார் பொட்டி அண்ணன். அவர் குரலில் அப்போது ஒரு கலைக்குடும்பத்து வாரிசின் பெருமிதம் தெரியும்.

பிஎஸ் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12 அன்றே வந்துவிட்டது. இந்தியாவுக்குத் தேதியே சொல்லவில்லை. ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் துபாய் வழியாக வரும் ‘கிரே’ பொட்டிக்கு ஆள் காத்திருந்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் முளைத்த பஜார் அது. வாக்மேன், விசிஆர் காலத்திலிருந்தே வெளிநாட்டுச் சாமானுக்கு ஏங்குகிறவனின் முகத்தைப் பார்த்தவுடன் விலை சொல்லப் பழகிய இடம். அண்ணன் அங்கே போய் நின்று, முகம் பார்க்கும் அந்த வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பினார்.

கடைசியில் இந்தியாவுக்கும் தேதி வந்தது. 2021 ஜனவரி 12, பகல் 12 மணிக்கு முன்பதிவு. விலை 49,990. அன்று செராக்ஸ் கடை லீவு. வீட்டில் ஐந்து செல்போன்கள், ஐந்து உறவுகள், ஐந்து பின்கோடுகள். மச்சான் வில்லிவாக்கம், சித்தி தாம்பரம், மாமியார் அம்பத்தூர். மாமியாரோடு மட்டும் ஃபோனில் நேரடித் தொடர்பு. “அத்தை, ஓடிபி வந்துச்சா?” “வந்திருக்கு மாப்ளே. நாலு... அப்புறம் ஒண்ணு... அது ஆறா எட்டான்னு தெரியல, இருங்க, கண்ணாடி உள்ள இருக்கு.” அந்தக் கண்ணாடி பூஜையறையிலிருந்து கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் நாட்டில் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்குக் கிடைத்தது இரண்டு. மூன்றாவது பொட்டியை மாமியார் தொலைத்த கதையை இன்றைக்கும் சொல்கிறார். மாமியார் எதிரில் இருந்தால் இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

மறுநாள் போகி. அன்றுதான் ‘மாஸ்டர்’ ரிலீஸ். கொரோனா கட்டுப்பாட்டில் தியேட்டரில் பாதி இருக்கைதான். “பாதி சீட்டு சார்! எங்கப்பா மட்டும் இருந்திருந்தா...” என்று கண் கலங்கினார். மாஸ்க் நனைந்தது.

இரண்டு பொட்டிக்கு அவர் எத்தனை பேரிடம் முன்பணம் வாங்கினார் என்று நினைக்கிறீர்கள்? ஆறு பேரிடம். ஆளுக்கு இருபதாயிரம். ஆறு பேரில் நானும் ஒருவன் என்பதால் கணக்கு எனக்கு மனப்பாடம். வசூல் 1,20,000. இரண்டு பொட்டியின் விலை 99,980. பொட்டி ஊருக்கு வந்து சேரும் முன்பே கையில் 20,020 நிற்கிறது. நம் காசில் நமக்காக வாங்கி, நமக்கே லாபத்துக்கு விற்கிற இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் தீபாவளிச் சீட்டுக்காரர்கள் சத்தியசந்தர்கள். அங்கேயாவது வெடிப் பெட்டியும் ஒரு கிலோ இனிப்பும் உண்டு. இங்கே ரசீது மட்டும்தான். அதுவும் யாருடைய ஜாதகமோ தப்பாக செராக்ஸ் ஆன தாளின் பின்பக்கத்தில். நான் பணம் கட்டியதற்கு அத்தாட்சியாக இன்றைக்கும் என் பீரோவில் ஒரு செவ்வாய் தோஷம் இருக்கிறது.

“அட்வான்ஸைத் திரும்பக் கேட்டா தருவீங்களா?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். “நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப அந்தப் பேச்சை எடுக்காதீங்க சார்” என்றார், கல்யாண மண்டபத்தில் விவாகரத்துப் பற்றிக் கேட்டுவிட்டது போல.

இதற்கெல்லாம் அண்ணனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே ஸ்கூட்டரும் காரும்தான். 1983இல் மாருதி 800 புக்கிங் திறந்தபோது முன்பணம் பத்தாயிரம் ரூபாய். காரின் விலையே கிட்டத்தட்ட ஐம்பதாயிரம்தான். லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். முதலில் கார் கிடைத்த புண்ணியவான்களில் சிலர், ஓட்டிப் பார்க்காமலே அதைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிட்டார்கள். அன்று அதே ஐம்பதாயிரத்துக்கு நிஜக் கார். இன்று சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் ஓட்டலாம். முன்பணம் மட்டும் இரட்டிப்பாகியிருக்கிறது.

பிப்ரவரி 2 அன்று வந்த இரண்டு பொட்டியும் யாருக்கோ போய்விட்டன. எனக்கு “அடுத்த லாட்”. அடுத்த லாட் வரவில்லை. “உலகத்துலயே சிப்பு இல்ல சார். கார் கம்பெனியே நின்னுபோச்சு.” அது நிஜம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா, “முக்கு ஹாட் சிப்ஸ் கடை திறந்துதானே இருக்கு?” என்றாள். அண்ணன் பதிலே சொல்லாமல் எழுந்து போனார். அவர் வாயடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சித்திரையில் என் பொட்டி வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு, மச்சானோடு, பைக்கின் நடுவில், பிள்ளையாரைக் கொண்டுவருகிற மாதிரி. விலை 68,000. தனியாகத் தரமுடியாதாம். கூடவே இன்னொரு கன்ட்ரோலரும் எடுக்க வேண்டுமாம். சர்க்கரை வேண்டுமானால் டீத்தூளும் வாங்கு என்கிற ரேஷன் கடை நியாயம். பொட்டியை அவர் நீட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய கட்டைவிரல் எம்ஆர்பி ஒட்டியிருந்த இடத்தில் கச்சிதமாகப் படிந்திருந்தது.

“அண்ணே, அச்சடிச்ச விலைக்கு மேல விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கே?”

“அது கடைக்காரங்களுக்கு சார். நான் என்ன கடையா? வீட்டுக்குன்னு வாங்கினேன், மனசு மாறிச்சு, குடுக்கறேன். இது செகண்ட் ஹேண்ட்.”

“சீலே உடைக்கலையே?”

“அதான் சார். ரொம்ப நல்லா வச்சிருந்த செகண்ட் ஹேண்ட்.”

பொட்டலச் சாமான் பற்றிய 2011ஆம் வருஷத்து விதிகள் கடைக்காரரை மட்டுமல்ல, மற்ற எவரையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. அதை எடுத்துச் சொல்ல வாய் வந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த என் மகள் பொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுவிட்டாள். கட்டிப்பிடித்த பிறகு சட்டம் பேசமுடியாது. இந்த வியாபாரமே அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடக்கிறது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு “ரொம்ப தேங்க்ஸ் அண்ணே” என்று வேறு சொன்னேன்.

அவருக்கு உலக நிலவரம் அத்துப்படி. டோக்கியோவின் அகிஹபாராவில், 2021 ஜனவரிக் கடைசியில், ஒரு கடையில் பொட்டிக்குத் தள்ளுமுள்ளாகிப் போலீஸ் வந்த கதையைச் சொல்லும்போது தூரத்துச் சொந்தத்தின் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற பாசம் குரலில் இருக்கும். ஜப்பானில் இவர் ரகத்து ஆட்களுக்கு ‘தெம்பையா’ என்று பெயர். மறுவிற்பனை என்பதற்கான அந்த ஊர்ச் சொல்லோடு ‘பையர்’ என்பதை ஒட்டிச் செய்தது. “தெம்பையா, தம்பையான்னு நம்மாளு பேருதான் சார்” என்று மகிழ்ந்துபோனார். அதே ஜப்பானில் சில கடைகள், வாங்குகிறவரின் பெயரைப் பொட்டி மேலேயே பேனாவால் எழுதி, மறுவிற்பனைக்கு உதவாமல் செய்துதான் கொடுத்தன என்று தெரிந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “பொட்டியில பேரு எழுதறதா? எவர்சில்வர் குண்டானா சார் அது?”

அமெரிக்காவில் 2016இல் ஒரு சட்டம் போட்டார்கள். மென்பொருளை ஏவிக் கச்சேரி, விளையாட்டு டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளுவது சட்டவிரோதம். விளையாட்டுப் பொட்டி அதில் அடங்காது. அதாவது அப்பாவின் தொழிலுக்குச் சட்டம் உண்டு, பிள்ளையின் தொழிலுக்குக் கிடையாது. இதை அவரிடம் சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ஆனால் எந்தப் படமும் மூன்றாம் நாளைத் தாண்டித்தானே ஆக வேண்டும். 2022 நவம்பரில் கம்பெனி விலையை 54,990 ஆக ஏற்றியது. இனி ஏறுமுகம்தான் என்று அண்ணன் நான்கு பொட்டியை வாங்கி அடுக்கினார். படுக்கையறையில், ஏசிக்கு நேராக, மனைவியின் கல்யாணப் புடவையை மேலே போர்த்தி. குடும்பம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. சிப்புப் பஞ்சம் தீர்ந்து எந்தக் கடைக்குப் போனாலும் பொட்டி கிடைக்கிற காலம் வந்தது. அப்போதும் அவர் அசரவில்லை. 2023 ஜூலைக் கடைசியில் கம்பெனிக்காரனே 7,500 ரூபாய் தள்ளுபடி அறிவித்து 47,490க்கு விற்க ஆரம்பித்தான். ஒரே நாளில் முப்பதாயிரம் காலி. “பிளாக்குல போற சாமானுக்கு டிஸ்கவுன்ட் போடலாமா சார்? இதெல்லாம் ஒரு தர்மமா?” என்று என்னைத்தான் கேட்டார், 68,000 கொடுத்த என்னை. உள்ளே தேன் ஊறியது. அதை அனுதாபம் போலக் காட்டிக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன்.

பத்து எட்டு. ஆனால் அந்த விலைக்கும் இறங்க அவருக்கு மனசு வரவில்லை. புடவை பீரோவுக்குத் திரும்பியது. ஒரு பொட்டி அவர் மனைவி காய் நறுக்குகிற மேசையானது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்து, அதன்மேல் பையன் வீட்டுப்பாடம் எழுதினான். “சாய்ஞ்சு எழுதாதே, மூலை நசுங்கும்” என்று தினமும் வசவு. ஐம்பதாயிரம் ரூபாய் பிளேஸ்டேஷன் மேல் நோட்டை விரித்து ஏழாம் வாய்ப்பாடு எழுதிய பையன் தமிழ்நாட்டிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

2025இல் நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தபோது அண்ணனுக்கு மறுபடி ரத்தம் ஊறியது. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் நேரடி விற்பனை இல்லை. அதனால் எல்லாமே கிரே, எல்லாமே அட்வான்ஸ். ஜப்பானில் இருக்கிற ஒரு பழைய வாடிக்கையாளரைப் பிடித்து வாங்கலாம் என்றால் அங்கே கம்பெனியின் குலுக்கலில் 22 லட்சம் பேர் நிற்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நிபந்தனையைத்தான் தாங்கவில்லை. பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருந்தால்தான் குலுக்கலில் பெயர் சேர்ப்பார்களாம்.

“விளையாடினவனுக்குத்தான் பொட்டியாம் சார்!” கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “அரிசி மண்டி வச்சிருக்கறவன்கிட்ட நீ எத்தினி கிலோ தின்னேன்னு கேப்பானுங்களா?”

எப்படியோ ஒன்று வந்து சேர்ந்தது. ஜப்பானுக்கு மட்டும் என்று தனியாக, இருபதாயிரம் யென் குறைவாக விற்ற ரகம். மலிவாக இருந்ததால் வாங்கிவிட்டார். எங்கள் எதிர்வீட்டுக்காரர் அட்வான்ஸ் கட்டிய பொட்டி அது. போட்டுப் பார்த்தால் மெனு முழுக்க ஜப்பானிய மொழி. மாற்ற வழியில்லை. “விளையாட்டுக்கு பாஷை எதுக்கு சார்?” என்று சமாதானம் சொன்னார் அண்ணன். எதிர்வீட்டுப் பையன் இப்போது ‘சேமி’, ‘வெளியேறு’ இரண்டையும் ஜப்பானிய எழுத்தில் அடையாளம் காண்கிறான். அதற்குத் தனி ஃபீஸ் கேட்காததே பெரிய விஷயம்.

பொட்டி அண்ணனின் பையன் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான். என் மகளோடு கால்பந்து ஆடுவான். போன வாரம் அவனைக் கூட்டிப்போக அவரே வந்தார். வாசலிலிருந்தே அவர் கண் பரணுக்குப் போய்விட்டது.

“அந்தப் பொட்டியை இன்னும் வச்சிருக்கீங்களா சார்? தூக்கிப் போட்டுடாதீங்க.”

“அப்பா, ஒரே ஒரு ஆட்டம் நீ ஆடு” என்று பையன் கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தான். திரையில் அவருடைய ஆள் பந்தோடு கோலுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தான். கோல்கீப்பர்கூட நகர்ந்துவிட்டிருந்தான். “அமுக்குங்க அங்கிள், அமுக்குங்க!” என்று என் மகள் கத்தினாள்.

அண்ணன் கன்ட்ரோலரைப் புரட்டி, டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கத்தை நகத்தால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.

“லேசா கீறல் இருக்கு” என்றார். “ரெண்டாயிரம் போகும்.”