ஒரு டப்பா போதும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையின் பெருமையைப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. முதலீட்டாளர் மாநாடு கூடும்போதெல்லாம் மேடையில் அந்தச் சாலைதான். ஆனால் அதே சாலையோரத்தில், தகரக் கொட்டகைகளில், ‘கார் ஏசி’ என்று எழுதிய பலகைக்குக் கீழே நடக்கும் சாதனைகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் அவர்களுடைய வேகத்தைச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு கார் வந்து நிற்கிறது. உரிமையாளர் கண்ணாடியை இறக்கி, “அண்ணே, கூலிங்கே வர மாட்டேங்குது” என்கிறார். அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. ஏசி சுவிட்சைக்கூடத் தொடவில்லை. “கேஸ் இல்ல சார்” என்கிறார். நோய் தெரிந்துவிட்டது. நாடி பிடிக்கும் வைத்தியருக்குக் கையாவது வேண்டும். இவருக்கு அதுவும் வேண்டாம்.

இதே காரைப் பாடம் படித்த ஒருவனிடம் விட்டிருந்தால் பொழுது வீணாகியிருக்கும். கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்ப்பான். வாலாஜாபாத் சாலையில் எம்-சாண்ட் டிப்பர்கள் இறைத்துவிட்டுப் போகும் புழுதியெல்லாம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளில்தானே அப்பிக்கொள்கிறது, வெப்பம் எப்படி வெளியேறும் என்று கவலைப்படுவான். டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை உருவி, அதிலிருந்து ஒரு வருடத்துச் சருகைத் தட்டுவான். கம்ப்ரஸரின் மேக்னட் கிளட்ச் பிடிக்கிறதா, ரிலே போயிருக்கிறதா என்று தேடுவான். கேஜ் மாட்டி லோ சைடு, ஹை சைடு இரண்டையும் படிப்பான். இரண்டும் குறைவு என்றால் கேஸ் போயிருக்கலாம். இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிப்போயிருக்கலாம், இல்லை கண்டென்சர் ஆறவில்லை. லோ ஏறியும் ஹை இறங்கியும் நின்றால் கம்ப்ரஸர் அழுத்தம் கொடுக்கவில்லை என்று சந்தேகப்படுவான். கடைசியில் ஒரு குடம் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றிப் பார்ப்பான். ஊற்றியதும் உள்ளே குளிர் கூடினால், “சார், கேஸ் சரியா இருக்கு, காத்தோட்டம்தான் இல்ல” என்பான். ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டாயிரம் ரூபாய் யார் தருவார்கள்? பிழைக்கத் தெரியாத பிள்ளை.

பக்கத்து ஆலைக்காரர்களின் நிலைமையும் பரிதாபம்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. 2012-ல் டைம்லர், பாரத்பென்ஸ் லாரியோடு வந்தது. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கவென்றே ஒன்றிய அரசின் ஆய்வு மையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. இவ்வளவு இருந்தும் கார் ஆலை என்றால் ஏசிக் குழாயிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி, வேக்யூம் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ் ஏற்றுவார்கள். அதையும் கிராம் கணக்கில். பாகங்களுக்குள் ஹீலியத்தைச் செலுத்திக் கசிவு தேடுவதும் இந்தத் தொழிலில் வழக்கம். அப்படியும் மனம் ஆறாமல், எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் வேறு ஒட்டிவிடுகிறார்கள். சிறிய காருக்கு அரைக் கிலோவுக்கு முன்பின் இருக்கும். கைமேல் நம்பிக்கை இல்லாதவர்கள் என்னதான் செய்வார்கள்?

நம் அண்ணன் அந்த ஸ்டிக்கரைப் படித்து யாரும் பார்த்ததில்லை. குழாயைத் தொடுகிறார். “ஜில்லுனு வருதா? போதும்டா, மூடு.” ஒரு டப்பா இறங்கினால் ஒரு அளவு, ஒன்றரை இறங்கினால் இன்னொரு அளவு. உள்ளே ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்ற கேள்வி, விருந்தாளியிடம் சம்பளம் கேட்பதைப்போல அநாகரிகமானது, அவர் கேட்பதில்லை. கேஸ் அதிகமானாலும் குளிர் குறையும், ஹை சைடு அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அதிலுள்ள தொலைநோக்கு அவர்களுக்குப் புரிவதில்லை. இன்றைக்குக் கேஸ், அடுத்த வருடம் கம்ப்ரஸர். ஒரு காரில் இரண்டு தலைமுறை வேலை.

கேஸ் எங்கே போயிற்று என்று கேட்காததுதான் அவருடைய பெருந்தன்மையின் உச்சம். பெட்ரோலைப்போல எரிந்து தீர்கிற சரக்கல்ல இது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசியும். ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் போட்ட சட்டம் சாதாரண காருக்கு வருடம் 40 கிராம்தான் அனுமதித்தது. அப்படியானால் போன சித்திரையில் அடித்த அரைக் கிலோ இந்தச் சித்திரைக்குள் காலியாகிவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடுவது அலுப்பான வேலை. நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புக்கு இணைப்பு சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று மூக்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சாயம் கலந்து ஓடவிட்டுப் புற ஊதா விளக்கடித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாறு ரூபாய் ஓ-ரிங் ஒன்றுக்காக அரை நாள். அதற்குப் பதில் ஒரு டப்பா, பத்து நிமிடம். வல்லக்கோட்டை முருகனை ஆடிக் கிருத்திகைக்கு மறந்துவிடுகிறவர்கள்கூட இந்தக் கொட்டகையைச் சித்திரைக்கு மறப்பதில்லை. இப்படி ஒரு பந்தத்தை ஓ-ரிங்கால் ஏற்படுத்த முடியுமா?

வேக்யூம் விஷயத்திலும் இதே தாராளம். பம்ப்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இருக்கும் ஈரத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி வெளியேற்றி, பிறகு முள் ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும் என்பது விதி. திறந்த சிஸ்டத்துக்கு டிரையரையும் மாற்ற வேண்டுமாம். அண்ணனின் பம்ப் ஒரு டீ குடித்து முடிக்கும் வரை பாடுகிறது, அவ்வளவுதான். உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். கார் ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பும்போது ஜில்லென்று இருக்கும். சுங்குவார்சத்திரம் தாண்டும்போது அனல் அடிக்கும். வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் பனி உருகி மறுபடி குளிர் வரும். இந்தக் கண்ணாமூச்சியைக் கேட்டாலே உள்ளே ஈரம் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். அண்ணன் கேட்டுவிட்டு நிதானமாகச் சொல்வார்: “கேஸ் கம்மி சார்.”

கருவிகள் இல்லை என்று மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. சில கடைகளில் கசிவு காட்டும் மின்னணுக் கருவி இருக்கிறது. பெட்டிக்குள், மேலே ஒட்டிய நெகிழித்தாள்கூட உரியாமல், பளபளவென்று இருக்கிறது. டிஜிட்டல் தராசு சாமி படத்துக்குக் கீழே, பொட்டு வைத்து. இதே தொண்டை நாட்டில், காஞ்சியில், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்வையிட்ட ஔவை, நெய் பூசி மாலை சூட்டிக் காவலோடு வைத்திருந்த வேல்களைக் கண்டு மனம் நிறைந்து பாராட்டினார். பாவம், அதியமானின் வேல்களோ எப்போதும் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தனவாம். நானும் அதே மனநிறைவோடுதான் பாராட்டுகிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது எது என்று துருவாமல் இருப்பதும் பண்பாடுதான். ஆர்-134ஏ என்று வெளியே எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டும். நம்பாதவர்கள் 2011-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள்: போலிச் சரக்கில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததால் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்து ஆட்கள் இறந்தார்கள் என்று. உலகத்தில் எங்கோ நடப்பதையெல்லாம் படப்பையில் பேசினால் வியாபாரம் நடக்குமா?

உலகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. உண்மையான ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில், 1,400 கிலோவுக்கு மேல் கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்யும். 450 கிராம் டப்பா ஒன்று ஓட்டை வழியே போனால், சுமார் 280 லிட்டர் பெட்ரோலை எரித்த புகைக்குச் சமம். அந்தப் பெட்ரோலில் ஒரு சிறிய கார் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பிவிடும். நம் அண்ணனோ ஒரு வாடிக்கையாளரையும் எங்கும் அனுப்பாமல், நின்ற இடத்திலேயே, வருடத்துக்கு ஒரு டெல்லிப் பயணத்தை முடித்துக் கொடுக்கிறார். ஐரோப்பாவில் 2017 முதல் எந்தப் புதுக் காரிலும் இந்தக் கேஸ் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். இந்தியா 2019-ல் குளிரூட்டலுக்கென்றே ஒரு தேசியத் திட்டம் போட்டு, ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. 2021-ல் கிகாலி உடன்பாட்டை ஏற்று, இந்த வகைக் கேஸ்களின் பயன்பாட்டை 2028-ல் உறையவைக்கவும் ஒப்புக்கொண்டது. இத்தனை காகிதமும் கொட்டகை வாசலைத் தொடாமல் போனது காகிதத்தின் அடக்கம்.

ஹீட்டர் வைத்தியம் தனிக் கலை. இந்த ஊரில் ஹீட்டருக்கு என்ன வேலை, அதைத்தான் மே மாதம் இலவசமாகத் தருகிறதே என்று நினைப்போம். எஞ்சினின் சூடான தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறு ரேடியேட்டருக்குப் போய் வருகிறது. குளிர் வேண்டுமா சூடு வேண்டுமா என்பதை ஒரு சின்ன மடல் திறந்து மூடித் தீர்மானிக்கிறது. அந்த மடலின் மோட்டார் பல் உடைந்து டேஷ்போர்டுக்குள் ‘டக் டக்’ என்று தட்டினால், ஏசி காற்றோடு சூட்டுக் காற்றும் கலந்து வரும். அதற்கும் ஒரு டப்பா. ஹீட்டரே ஒழுகினால் இன்னும் எளிது: போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு கிளிப். “நமக்கு எதுக்கு சார் ஹீட்டரு?” நியாயம்தான். மார்கழியில் குடும்பத்தோடு கோத்தகிரி ஏறும்போது, முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து எதிரே வருவது பேருந்தா பள்ளமா என்று தெரியாத அந்த ஒரு நிமிடத்தில்தான் அண்ணனின் கைவண்ணம் முழுதாக மனதில் உறைக்கும்.

கொட்டகைகளை மட்டும் புகழ்ந்தால், குளிர்ந்த வரவேற்பறையும் இலவசக் காப்பியும் கொண்ட பெரிய சர்வீஸ் சென்டர்கள் வருத்தப்படும். அவர்கள் ஓட்டையைத் தேடாமல் இருப்பதில்லை. ஓட்டை எந்தப் பாகத்தில் இருக்கலாமோ அத்தனையையும் மாற்றிவிடுகிறார்கள். கூலிங் காயில், கண்டென்சர், கம்ப்ரஸர், டிரையர், இரண்டு ஹோஸ். டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்று அட்வைசர் தம்பி எஸ்டிமேட்டை நீட்டும்போது உடம்பு முழுக்கப் பரவும் குளிர்ச்சியை எந்த ஏசியும் தந்ததில்லை.

கால் டாக்ஸியில் வரும் ஏசிக் கோளாறு இவை எதிலும் சேராது. “ஏசி ஒர்க் ஆகல சார்” என்பார் ஓட்டுநர். ஐம்பது ரூபாய் கூடத் தருகிறேன் என்றதும் வேலை செய்யும். கேஜ் இல்லாமல், வேக்யூம் இல்லாமல், ஒரு சொட்டுக் கேஸ் வீணாகாமல் குணமாகும் ஒரே நோய். டீசல் விலையையும் கமிஷனையும் கணக்குப் பார்த்தால் அவர் கேட்பது அதிகமில்லை என்று எனக்கே தோன்றும். ஆனால் இது புகழ்ச்சிக் கட்டுரை, பரிவுக்கு இடமில்லை.

நாட்டின் கருணைக்கு மட்டும் சிறிது இடம் ஒதுக்கலாம். ஒரகடத்திலிருந்து கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் இரண்டு அடுக்கில் புத்தம்புது ஏசி கார்கள். முன்னால், எஞ்சின் சூட்டின்மேல், தோளில் ஈரத்துண்டோடு ஓட்டுநர். புது லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-ல் நடைமுறைக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் உருண்டு வெளியே வந்து 27 வருடங்கள்தான் ஆகியிருந்தன, அதற்குள் யோசித்துவிட்டார்கள். பழைய லாரிக்காரர்களுக்கு ஈரத்துண்டு தொடரும். அதற்குக் கேஸும் அடிக்க வேண்டாம்.

கடைசியாக, இந்தத் தொழிலுக்கே இழுக்குத் தேடும் சிலரைக் கண்டிக்காமல் விட முடியாது. எல்லாச் சாலையிலும் எப்படியோ ஒருவர் முளைத்துவிடுகிறார். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், மதியம் சொல்கிறேன் என்பார். கசிவு என்றால் நைட்ரஜன் ஏற்றுவார், நுரை தடவுவார், ஸ்டிக்கரைப் படிப்பார், தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்றுவார். கசிவு இல்லையென்றால், மதியம் போய்க் கேட்கும்போது, “ஃபேன் ரிலேதான் சார் போயிருக்கு, மாத்திட்டேன். ரிலே இருநூறு, பார்த்த கூலி ஐநூறு” என்பார். நாமும் விடுவதில்லை. “கேஸே அடிக்கல, ஐநூறா? பார்க்கிறதுக்குக் காசா?” என்று சண்டை போட்டு முந்நூறுக்குக் குறைத்துவிட்டு வருகிறோம். அடுத்த கடையில் டப்பாவுக்கு இரண்டாயிரத்தைப் பேசாமல் எடுத்துக் கொடுத்த கைதான் இது. அவர் கொட்டகையில் சித்திரையிலும் கூட்டம் இல்லை. ஒருமுறை வந்துபோன கார் மூன்று நான்கு வருடத்துக்குத் திரும்பி வருவதில்லை. வாடிக்கையாளரை இப்படி விரட்டியடிக்கிறவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?