குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது எப்படி?

உங்களிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது, அதற்கு 200 குதிரைக்கு மேல் பலம், அதை மஸ்கெலியாவுக்கு ஓட்டிவரப் போகிறீர்கள், எஞ்சின் கொதிக்காமல் இருக்கப் பெரிய ரேடியேட்டர் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்காகத்தான் இந்த யோசனைகள். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். தன்னிடம் இல்லாத பொருளுக்கு யோசனை சொல்லத் தெரியாதவன் எங்கள் ஊரில் ஒருவனும் கிடையாது. எங்கள் டவுனில் அதிகமாக ஓடுவது ஆட்டோ. காற்றிலேயே ஆறிக்கொள்கிற எஞ்சின், ரேடியேட்டரே இல்லை. ஆனாலும் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று ரேடியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், மழை விடும்வரை பாடம் நடக்கும்.

முதலில் கார். ஜகுவார் ஈ-டைப்பையே எடுத்துக்கொள்வோம், கனவுக்குக் காசா பணமா. 1961 இல் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. 3.8 லீட்டர், ஆறு சிலிண்டர், கம்பனி சொன்ன கணக்கில் 265 குதிரை. நெரிசலில் மாட்டினால் கொதிக்கும் என்ற கெட்ட பெயரும் கூடவே உண்டு. என்னிடம் இருப்பது மொரிஸ் மைனர் 1000. 948 சிசி, 37 குதிரை, அதிலும் சில குதிரைகள் எனக்கு முன்பே பென்ஷன் எடுத்துவிட்டன. 1975 இல் அரசாங்கம் கம்பனித் தோட்டங்களை எடுத்தபோது துரைமார் கப்பலேறினார்கள், கார்களுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. என் கார் அப்படிப் பங்களா கராஜிலிருந்து பெரிய கிளாக்கர் வீட்டுக்கு வந்து, பிறகு ஒரு கடைக்காரரின் பின்வாசலில் கோழிக்கூடாக இருந்து, கடைசியில் என்னிடம் சேர்ந்தது. இன்றைக்கும் ஹீட்டரைத் திருப்பினால் இறகு பறக்கும்.

குளிரான ஊருக்கு எதற்குப் பெரிய ரேடியேட்டர் என்று கொழும்பு மச்சான் கேட்பார். மஸ்கெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 பாகை வரை காத்திருக்காது, 96 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று அம்மா புலம்புவதற்கும் இதுதான் காரணம். காற்றும் பத்தில் ஒரு பங்கு மெலிந்துபோயிருக்கும். எஞ்சினுக்குள் போகிற காற்றும் குறைவு, ரேடியேட்டரைத் தடவிப் போகிற காற்றும் குறைவு. ஆக உங்கள் 265 குதிரையில் இருபத்தைந்து முப்பது, அட்டனுக்கு வருவதற்குள் இறங்கிப் பஸ் பிடித்துக் கொழும்புக்குத் திரும்பியிருக்கும்.

மிச்சம் இருக்கிற குதிரைகளுக்கும் வேலை இல்லை. அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரும் பாதையில் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில்தான் உங்கள் வாழ்க்கை. முன்னால் ஒரு கொழுந்து லொறி, அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் யாருக்கும் வழிவிடாத மாடு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கார் வேகமாகப் போனால் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகும். மெதுவாக மேட்டில் ஏறினால் காற்றை இழுத்துக் கொடுக்க வேண்டியது விசிறி. ஆகவே ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் விசிறியைப் பாருங்கள். விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும், சங்கக் கூட்டம் மாதிரி. ரேடியேட்டருக்கு ஐந்து வரிக் குழாய் வைத்த கோர் போட்டு, கூடு போடாமல் விட்டு, லக்ஷபான பாதையில் புகை விட்ட ஒரு காரை நானே தள்ளியிருக்கிறேன்.

இனிச் செம்பா, அலுமினியமா? இந்தச் சண்டைக்காகப் பேச்சு நின்றுபோன மாமன் மச்சான்கள் உண்டு. சூட்டைக் கடத்துவதில் செம்புதான் கெட்டிக்காரன், அலுமினியம் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பழைய ரேடியேட்டரில் தண்ணீர் போகிற குழாய் பித்தளை, காற்று படுகிற இதழ்கள்தான் செம்பு, இரண்டையும் ஈயம் பற்றவைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஈயம் சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி. அலுமினியம் எடை குறைந்தது, குழாயை ஓர் அங்குல அகலத்துக்கும் மேலே செய்யலாம், இதழோடு ஒட்டுகிற பரப்பு கூடும். அதனால் அகலக் குழாய் இரண்டு வரி வைத்த அலுமினியம், ஒடுக்கக் குழாய் நான்கு வரி வைத்த பித்தளையோடு சரிக்குச் சரி நிற்கும். வரியை மட்டும் எண்ணிக் காசு கொடுப்பவன், பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குகிறவன். இதழை நெருக்கி அடித்ததெல்லாம் நல்லது என்றும் நினைக்காதீர்கள். நெருக்கமான இதழுக்குப் பலமான விசிறி வேண்டும், எங்கள் பாதைச் சேறு ஒரே மழைக்காலத்தில் அதைச் சுவராகப் பூசிவிடும்.

ஆக, அலுமினியம்தான் நல்லதா? ஓட்டைவிழும் நாள்வரை நல்லது. பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால், ஊது விளக்கும் ஈயக் குச்சியும் வைத்திருக்கிற எந்த மெக்கானிக் பாஸும் வெற்றிலை மென்றபடி அடைத்துக் கொடுப்பார். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது, அதற்கு டிக் வெல்டிங் வேண்டும், அதைத் தெரிந்த கை வேண்டும், அந்தக் கை அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

விலையை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். கடைக்காரர் சொல்கிற தொகையை 1,350 ஆல் வகுங்கள். 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அது. வருகிற விடைதான் பேர்க் கணக்கில், அதாவது எத்தனை நாள் வேலை என்ற கணக்கில், ரேடியேட்டரின் விலை. எடுத்த கொழுந்து குறித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர்தான், ஆகவே மழைக்காலத்தில் வாங்கினால் விடையை இரண்டால் பெருக்குங்கள். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்வது நல்லது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் கூடினால் தண்ணீர் பிந்திக் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் தாங்கும் மூடி கொதிநிலையை இருபது பாகைக்கு மேல் உயர்த்தும். மலை பறித்துக்கொண்ட நான்கு பாகையை மூடி வட்டியோடு திருப்பித் தந்துவிடுகிறது. அதற்காக ஏழு இறாத்தலுக்குச் செய்த பழைய பித்தளையின் தலையில் 15 இறாத்தலைத் திருகாதீர்கள், தையல் பிரியும்.

அடுத்த எதிரி, தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்கிற பாஸ். ஒருவர் என் காரைப் பார்த்த முதல் நிமிடத்தில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கார் கொதிப்பது நின்றது, உண்மை. மாசிப் பனியில் எஞ்சின் சூடே ஏறாமல் பெற்றோலைத் தேத்தண்ணி மாதிரிக் குடித்தது, அதுவும் உண்மை. 82 பாகைக்கு ஒன்று வாங்கிப் போட்டேன். பழையது அவர் பையிலேயே இருக்கட்டும்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். சின்ன ஓட்டையை அடைக்கும், கூடவே நல்ல குழாய்களையும் அடைக்கும். 2020 இல் வாகன இறக்குமதியும் நின்றிருந்தது, மஞ்சள் இறக்குமதியும் நின்றிருந்தது. புதுக் கார் வாங்கவும் வழியிருக்கவில்லை, பழைய காரை அடைக்கவும் வழியிருக்கவில்லை. மஞ்சள் விலை ஏறிய ஏற்றத்தில், அப்போது ரேடியேட்டரில் மஞ்சள் போட்டவனுக்கு வங்கியில் கடன் கொடுத்திருக்கலாம். வெறும் தண்ணீரும் வேண்டாம், உள்ளே துருச்சேறு கட்டும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. நல்லதண்ணி என்று ஊருக்கே பெயர் இருக்கிறதே என்று அங்கே போய் நிரப்பாதீர்கள். அந்த நல்ல தண்ணீர் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்களுக்கு.

பந்தயத்துக்கென்றால் வேறு கதை. நுவரெலியாவில் 1934 இலிருந்து மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் இருக்கிறது, சித்திரை வசந்த காலத்தில் நடக்கும். அதில் ஓட்டம் தொடங்கி எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துவிடும், என் கோழிக்கூடு ரேடியேட்டரே போதும். கொதிப்பதெல்லாம் பந்தயம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான்.

மஸ்கெலியாவில் குதிரைசக்தி என்று பேசினால் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1960களின் இறுதியில் அது வந்தபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும், ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அந்தத் தண்ணீர் கெனியன் மின்நிலையத்தில் 60 மெகாவாட் சுற்றுகிறது. ஒரு குதிரை 746 வாட். வகுத்துப் பாருங்கள், 80,000 குதிரை. உங்கள் ஜகுவார் முன்னூறு சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. அத்தனை குதிரையும் கம்பியேறி எங்கள் லயங்களுக்கு மேலால் கீழ்நாட்டுக்கு ஓடிய காலத்தில், லயத்துக்குள் குப்பி லாம்புதான் எரிந்தது. காரின் சூட்டை ஆற்றுவது பற்றி எழுத வந்தவன் இதில் சூடாவானேன், விடுவோம்.

என் தீர்ப்பு இது: பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு மூன்று வரிச் செம்புக் கோர் மாற்றுங்கள், விசிறிக்குக் கூடு போடுங்கள், தேர்மோஸ்டாட்டை பாஸ் கண்ணில் காட்டாதீர்கள். கொழும்பிலேயே நின்று படம் எடுக்கிற காருக்கு அலுமினியம் போடலாம், பளபளக்கும்.

அப்படியும் கொதித்தால், கொதிக்கும், தோட்டத்து லொறி ஓட்டிய என் மாமாவின் முறைப்படி செய்யுங்கள். முள் சிவப்புக்குப் போவதற்கு முன்பே பீலி இருக்கிற வளைவாகப் பார்த்து நிறுத்துங்கள். பொனட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஆறிய பிறகு சாக்கைப் போட்டு மூடியைக் கால் திருகு திருகி, சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறங்கள். அதற்குள் அவசரப்பட்டு, மேலே மலையில் கொழுந்து எடுக்கிற அக்காவிடம் போத்தலைக் கேட்டுக் கைநீட்டாதீர்கள். அதில் இருப்பது சாயத் தேத்தண்ணி. ரேடியேட்டருக்கு ஆகாது, அவருக்கு மாலை வரைக்கும் வேண்டும்.